வாகை மரத்தூள்

சாமுவேல்,

நம் வீட்டிலிருந்து போகும் எந்தக் கடிதமும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்கும். இதில் அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. காரணத்தை நீயே படித்துத் தெரிந்துகொள்வாய். இன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை உனக்குக் கப்பல். அந்தமானில் மரம் அறுக்கும் மில்லில் சூப்பர்வைசர் வேலை என்று போன வாரம் ஆர்டரைக் கொண்டுவந்து நீ என்னிடம் நீட்டியபோது, நான் எழுந்து நின்று உன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "என் மூக்கு உங்க மூக்குப்பா. கண்ணைக் கட்டிவிட்டாலும் வாசனையிலேயே இன்ன மரம்னு சொல்லிடுவேன்" என்று நீ சிரித்தாய். நானும் கூடவே சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்து நினைத்து ஆறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலைக்குப் போகாதே தம்பி. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். போகாதே.

வயதான காலத்தில் பிள்ளையைப் பிரிய மனமில்லாமல் அப்பா புலம்புகிறார் என்று நினைக்காதே. நீ பம்பாய்க்குப் போ, பிலாய்க்குப் போ, எங்கே வேண்டுமானாலும் போ, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வருவேன். மரத்தூள் பறக்கிற இடத்துக்கு மட்டும் போகாதே. சின்ன வயதில் உனக்கு இருந்த இழுப்பு எதனால் வந்தது என்று நாங்கள் உனக்குச் சொல்லிவைத்தது பொய். 'நாங்கள்' என்று எழுதியதும் பொய்தான். உன் அம்மா ஒருநாளும் பொய் சொல்லவில்லை. சொன்னவன் நான்.

அப்போது நாம் தாம்பரம் கடப்பேரியில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தச்சு வாத்தியார் வேலை. உனக்கு மூன்று வயது நடக்கும்போது பெரிய ரோட்டை அகலப்படுத்துவதற்காக இரண்டு பக்கத்து மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். புளி, வேம்பு, நடுநடுவே வாகை. வாகையை எல்லாரும் விறகுக்குத்தான் கேட்டார்கள். நான் ஓடிப்போய் ஆறு அடிமரங்களைச் சொல்லி வைத்து, வண்டி பிடித்துப் பல்லாவரத்து அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோனேன். வாகையின் வெளிச்சுற்று வெளுப்பாக இருக்கும். வண்டு அதை ஆறே மாதத்தில் துளைத்து மாவாக்கிவிடும். அதைக் கழித்துத் தள்ளினால் உள்ளே வைரம். வறுத்த காப்பிக்கொட்டை நிறம், அதில் ஓடுகிற கறுப்புக் கோடுகள். தேக்குக்கு எண்ணெய்ப்பசை உண்டு, வெயிலையும் மழையையும் தாங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தேக்குப் பலகையைப் போலத்தான் அடுத்த பலகையும் இருக்கும். வாகையில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முகம். பச்சையாக இருக்கும்போதே அறுத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே சட்டம் கொடுத்து நிழலில் அடுக்கி ஒரு வருஷம் ஆறவிட்டால் வெடிக்காது, முறுக்காது. எண்ணெய்ச் செக்குக்கு, வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கு, மேசை நாற்காலிக்கு எல்லாவற்றுக்கும் போகும். ஒரே ஒரு சங்கடம், அதன் ரேகை ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஓடும். இழைப்புளி போட்டால் பிசிறு கிளம்பும். உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் அதை வழவழப்பாக்க வேண்டும். அப்படித் தேய்க்கும்போது வரும் தூள் கேழ்வரகு மாவைவிடச் சன்னமாக இருக்கும்.

அந்தத் தூளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மில்லில் அறுப்பு போடுகிற மேஸ்திரி மூஞ்சியில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு என்னைத் திட்டினான். "இன்னா வாத்யாரே, ஊர்ல வேற மரமே கெடைக்கலியா? பேஜார் புடிச்ச மரம் இது. இத்த அறுத்தா நாள் பூரா தும்மிகினே இருக்கணும். எங்காளுங்க ஒருத்தனும் கிட்ட வர மாட்றான், பாரு." நான் சிரித்தபடி அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அதோடு விடவில்லை. அடுத்த வருஷம் பலகை ஆறியதும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் என் கையாலேயே எழுதிப்போட்டேன்: 'வாகை: தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். வேலை செய்யும்போது துணி கட்டவும்.' பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில் வாகைப் பலகையைத் தேய்த்தேன். தேய்த்த சட்டையோடு உள்ளே வந்து உன்னைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டேன்.

உனக்கு இழுப்பு ஆரம்பித்தது அந்த வருஷம்தான். முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் உள்ளே போய் வரும். பேச முடியாமல் எங்கள் முகத்தையே பார்ப்பாய். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் மாம்பலத்தையும் மயிலாப்பூரையும் விட்டுத் தாம்பரத்துக் காற்றைத் தேடிக் குடிவந்த காலம் அது. அந்தக் காற்றில் பிறந்த பிள்ளைக்கு மூச்சு ஏன் முட்டுகிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. காசநோய் சானடோரியம் பக்கத்தில் இருந்ததால் தெருவில் வேறு மாதிரிப் பேச்சும் கிளம்பியது. உன்னோடு விளையாட வந்த பிள்ளைகளை அவர்கள் தாய்மார்கள் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். படம் எடுத்துப் பார்த்து, அந்த வியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை உன் அம்மா ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள், கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்கு. ஆடாதோடை, தூதுவளை, ஆட்டு ஈரல், கோழிச் சாறு என்று யார் எது சொன்னாலும் செய்தோம். ஒன்றும் கேட்கவில்லை.

காரணம் தெரியாதபோது யார் மேலாவது பழி போட மனம் தேடும். பக்கத்தில் இருந்தவள் உன் அம்மா. அவள் ஆசையாக வளர்த்த கோழிகள்தான் காரணம் என்றேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துக் கொடுக்க வைத்தேன். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணையைக் கிழித்துக் கொல்லையில் கொளுத்தினேன். உனக்குத் தயிர் கொடுத்தாள் என்று சட்டியை வாசலில் போட்டு உடைத்தேன். அவளுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் சளித் தொந்தரவு இருந்தது. உங்கள் வம்ச நோயைக் கொண்டுவந்து என் பிள்ளைக்கு ஒட்டவைத்துவிட்டாய் என்று, என் அக்காவை வைத்துக்கொண்டே சொன்னேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். சொந்தக்காரர் மத்தியில் அதுவே கதையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு இழுப்பு வராது, வந்தாலும் லேசாகத்தான் வரும். அது கர்த்தருடைய நாள், அதனால்தான் என்று நான் விளக்கம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நான் மரத்தைத் தொடுவதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தும் அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உனக்கு ஆறு வயதில், கோடை விடுமுறைக்கு உன்னைக் குன்றத்தூரில் மாமா வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு மாதம். ஒரு நாள்கூட இழுப்பு இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து முருகன் கோயில் மலைப்படி முழுவதும் ஓடி ஏறி ஓடி இறங்கினாயாம். உன்னைக் கூட்டிவர நான் கொட்டகையில் பாதி வேலையை விட்டுவிட்டு, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அப்படியே பஸ் ஏறி வந்தேன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தாவி ஏறிக்கொண்டாய். திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பையில் முகத்தைப் புதைத்துத் தூங்கினாய். பல்லாவரம் வருவதற்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. உன் அம்மா என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, அவனை எங்கிட்ட குடுங்க. உங்க சட்டையெல்லாம் மரத்தூளா இருக்கு. பஸ் ஏறுற வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்." முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "நான் தூக்கினா என் பிள்ளைக்கு மூச்சு முட்டுமா? என்னடி பேசறே?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். அவள் நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள். உன்னை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அவள் சொல்வாள், நான் கத்துவேன். ஒப்புக்கொள்ள எனக்கு என்ன தடை என்று நீ கேட்கலாம். நான் நல்ல தச்சன் என்பதைத் தவிர எனக்கு வேறு பெருமை கிடையாது. ஊரில் எல்லாரும் விறகு என்று ஒதுக்கிய மரத்தில் நான் செய்த பீரோவையும் நாற்காலியையும் பார்க்கப் பெரிய மனிதர்கள் வீடு தேடி வந்தார்கள். அந்த மரம்தான் என் பிள்ளையின் மூச்சை அடைக்கிறது என்றால், நான் இரண்டு கையாலும் உன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆகும். அதைவிட அவள்மேல் பழியைப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

நம் சபைக்குத் திருவிருந்து மேசை ஒன்று செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மீதியிருந்ததில் மிக நல்ல பலகைகளை அதற்குத்தான் வைத்திருந்தேன். ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கொட்டகை ஒழுகியதால் மேசையைத் தூக்கி வந்து வீட்டின் முன்னறையில் போட்டு, சாரல் அடிக்காமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தேய்த்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம். நீ உள்ளறையில் படம் போட்டுக்கொண்டிருந்தாய். அறை முழுக்கப் புகைபோலத் தூள். நானே முப்பது நாற்பது முறை தும்மியிருப்பேன். திடீரென்று உன் அம்மா அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் உனக்கு உதடு நீலமாக இருக்கிறது. கண் சொருகுகிறது. உன்னைத் தூக்க நான் குனிந்தேன். அவள் உன்னை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, பின்பக்கச் சமையலறைக்குள் போய் இரண்டு கதவையும் தாழ் போட்டுக்கொண்டாள்.

நான் வெளியே சுற்றிப் போய் மழையில் நின்று கொல்லைக் கதவை இடித்தேன். "எஸ்தர், கதவைத் தொற. பையன் மூச்சு நிக்கப் போவுது. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும், தொறடி!"

"நீங்க தூக்கக் கூடாது. டாக்டரை இங்க கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா குளிச்சிட்டு வேற துணி கட்டிட்டு வாங்க. அந்தச் சட்டையோட உள்ள வந்தீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. கதவை உடைக்கச் சுத்தியலை எடுத்தேன். ஓங்கினேன். உள்ளே நீ இழுக்கிற சத்தம் கேட்டது. உடைத்து உள்ளே போனால் உன்னைத் தூக்குவேன், தூக்கினால் நீ செத்துப்போவாய் என்று யாரோ என் காதுக்குள் சொன்னதுபோல் இருந்தது. சுத்தியல் கையிலிருந்து நழுவியது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு பூட்டியிருந்தது. திரும்பி ஓடிவந்து கதவருகே சேற்றில் உட்கார்ந்தேன். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மூச்சு அடங்குகிறதா, சீராகிறதா என்று வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கால் மணி நேரம் போல என் வாழ்நாளில் எதுவும் இல்லை. ஜெபம் பண்ண வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. பிறகு தாழ் விலகியது. அடுப்பில் வெந்நீர் கொதித்து ஆவி அறையெங்கும் நிறைந்திருந்தது. நீ அவள் மடியில் வியர்த்து நனைந்து தூங்கிக்கொண்டிருந்தாய். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. நான் போய்க் கிணற்றடியில் சட்டையைக் கழற்றித் தூர எறிந்துவிட்டுக் குளித்தேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நான் செய்தது வேறு. மேசையையும் மீதிப் பலகைகளையும் ஒன்று விடாமல் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினேன். வேலையைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டேன். அங்கேயே குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அப்படியும் பயம் போகாமல், உன்னைத் தூக்குவதையே விட்டுவிட்டேன். 'அப்பாவுக்கு என்னைக் கண்டா பிடிக்காது' என்று நீ மாமாவிடம் சொன்னாயாம். அவர் சொல்லித் தெரியும். இரண்டே மாதத்தில் இழுப்பு அறவே நின்றது. கிறிஸ்துமஸ் கழித்து ஒரு ஞாயிறு ஆராதனையில், அந்தப் புது மேசைக்குப் பக்கத்தில் நின்று, விடாப்பிடியாக ஜெபித்ததால் என் மகனுக்குக் கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னேன். சபை அல்லேலூயா சொன்னது. உன் அம்மா பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சோறு போட்டாள். அதைப் பற்றி இன்று வரை ஒரு சொல் கேட்டதில்லை.

அடுத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நீ ஓட்டத்தில் முதலாக வந்தாய். டாக்டர் உன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, சின்ன வயது இழுப்பைக் கேட்டு எழுதிக்கொண்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உன் அம்மா முன்னால் நின்று, "நாலு கோழிக்காக என் மாரைக் கெடுத்துட்டே. வம்ச நோய்னு தெரிஞ்சும் என்னை ஏன் பெத்தே?" என்று கேட்டாய். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான். நான் பேப்பரைப் புரட்டினேன். அன்றிலிருந்து நீ அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தோல் கம்பெனி ஆபீஸில் வேலை கிடைத்ததும் பல்லாவரத்தில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே ரயிலில் எத்தனை நிமிஷம்? அவள் உன் கையில் சோறு போட்டு ஐந்து வருஷம் ஆகிறது.

இப்போது அந்தமான். அங்கே படாக் மரம் அறுக்கிறார்கள். செக்கச்செவேல் என்று இருக்கும், தேக்கைவிடக் கனம், கறையான் தொடாது, ராஜாக்கள் வீட்டு மேசைக்கும் பீரங்கி வண்டிக்கும் போன மரம். அதன் தூளும் வாகைத் தூளைப் போலத்தான் மூக்கைப் பிடிக்கும், மூச்சைப் பிடிக்கும். மில் என்றால் ஒரு பலகை இரண்டு பலகை இல்லை, பொழுது விடிந்தால் பொழுது போகும்வரை தூளிலேயே நிற்க வேண்டும். போன மாதம் வேலை பழக என்று பல்லாவரத்து மில்லில் இரண்டு நாள் போய் நின்றாயே, அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தபோது பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாய். "சும்மா சளிப்பா" என்றாய். அந்த விசில் சத்தத்தை நான் பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டேன். அடுப்படியில் இருந்த உன் அம்மாவும் கேட்டாள். நீ போனதும் வந்து, "அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். தினமும் காலையில் அதையே சொல்கிறாள். நடுக்கடலைத் தாண்டி ஒரு தீவில் உனக்கு மூச்சு முட்டினால், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உன்னைக் காப்பாற்ற அங்கே யார் இருக்கிறார்கள்?

எல்லாப் பழியையும் என்மேல் போடு. என்னோடு பேசவே வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் அந்த ஆர்டரைத் திருப்பிக் கொடு. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், தகப்பன் என்கிற உரிமையில் அல்ல, கெட்டுப்போனவன் என்கிற அனுபவத்தில். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள். 'உங்களால்தான்' என்று அவள் ஒரு காரியத்தைச் சொன்னால், கோபப்படுவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அது உண்மையாக இருக்குமோ என்று நினைத்துப் பார். நான் அந்த ஒரு நாளைக் கொடுக்கவில்லை.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். அழவில்லை. மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "தபால்ல போடப் போறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இத்தனை வருஷம் எதிர்லயே உக்காந்திருந்தவனுக்கு இப்ப தபால்லயா சொல்வீங்க?" என்றாள்.

அதனால் நாளைக் காலை முதல் வண்டியில் நானே வருகிறேன். அவளும் வருகிறாள், உன் ரூமுக்கு மாடி ஏறி வரமாட்டாளாம், கீழே தெருவில் நிற்பாளாம். இந்தக் காகிதங்களை உன் கையில் கொடுத்துவிட்டு நீ படித்து முடிக்கிற வரைக்கும் நான் உட்காரப் போவதில்லை. நீ இந்த வரிக்கு வந்து சேரும்போது நான் உன் எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன், சாமுவேல். என்னை அப்புறம் பார்த்துக்கொள். முதலில் ஜன்னலைத் திறந்து, கீழே நிற்கிறவளை மேலே கூப்பிடு.